அலுமாரி திறப்பு விழா

நளீமின் குடும்பத்தில் மூன்று பேர். மனைவி குவைத்தில் இருந்தாள், மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள், நளீம் கத்தரித் தோட்டத்தில் இருந்தான். மூவரையும் ஒரு குடும்பமாகச் சேர்த்து வைத்திருந்தது ஒரேயொரு கைபேசி. அந்தக் கைபேசியைத்தான் பாடசாலை பிடித்து வைத்துக்கொண்டது.

பாடசாலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், யார் சொன்னது என்று விசாரிக்க ஒரு குழு போடுவார்கள். நாவுலையிலிருந்து உள்ளே போகிற பஸ்ஸில் ஏறி, இதற்கு மேல் போகாது என்று சாரதி கையை விரிக்கிற இடத்தில் இறங்கினால் அதன் மதில் தெரியும். குழு போடுவதில் அதை அடிக்க மாவட்டத்தில் வேறு பாடசாலை கிடையாது. மற்ற விஷயங்களில் அது எத்தனையாம் இடம் என்று ஆராயவும் ஒரு குழு இருக்கிறது. அறிக்கைதான் இன்னும் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு காலைக் கூட்டம். பாடசாலைக் கீதம் பாதியில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கைபேசி அலறியது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து அதிபர் ஜைனுதீன் சேரின் சட்டைப் பையைப் பார்த்தார்கள். அதிபர் பையைப் பொத்திக்கொண்டு கீதத்தைக் கடைசி வரை பாடி முடித்தார். அன்று மத்தியானமே விசாரணைக் குழு கூடியது. மாணவர்களிடையே கைபேசிப் பாவனை கட்டுமீறிப் போய்விட்டதாக அது கண்டுபிடித்தது. அதிபரின் பையைப் பற்றியும் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: சம்பவம் நடந்தபோது அவர் கீதத்தை நிறுத்தாமல் பாடி மாணவர்களுக்கு முன்மாதிரியாக நின்றார்.

அடுத்த வாரமே 'மாணவர் மின்சாதனப் பாவனை ஒழுங்கு விதிகள்' வெளியாயின. அச்சடிக்கக் கடதாசி இல்லாதபடியால் அவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். விதிகளின் முதல் வரி, எந்த மாணவரும் பாடசாலைக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்றது. கடைசி வரி, பெற்றோர் இதை வாசித்து 'சம்மதம்' என்று பதில் போட்டதற்குச் சான்றாக, அந்தக் கைபேசியை மாணவர் திங்கட்கிழமை கொண்டுவந்து வகுப்பாசிரியரிடம் காட்ட வேண்டும் என்றது.

கடைசி வரிக்குக் கீழ்ப்படிந்த பிள்ளைகளை முதல் வரியின்படி வாசலிலேயே பிடித்தார்கள். முதல் வரிக்குக் கீழ்ப்படிந்த பிள்ளைகள் சான்று காட்டவில்லை என்று வெயிலில் நின்றார்கள். நளீமின் மகள் மபாஸா ஒரு கடதாசியைக் கொடுத்தால் அடி வரை வாசிக்கிற பிள்ளை. ஆகவே அவள் கொண்டுபோன போன் போய்விட்டது.

"விதி வந்த மொத நாளே ஒரு மேச நெறயப் புடிச்சிருக்கோம்" என்றார் அதிபர், ஆசிரியர் கூட்டத்தில். "விதி இல்லாட்டி இவ்வளவும் புடிபட்டிருக்குமா?"

ஆசிரியர்கள் யோசித்துப் பார்த்து, பிடிபட்டிருக்காது என்று உண்மையாகவே சொன்னார்கள்.

மபாஸா அழுதுகொண்டு நேரே தோட்டத்துக்கு வந்தாள். நளீம் மருந்து அடித்துக்கொண்டிருந்தான்.

"வாப்பா, போன எடுத்துட்டாங்க."

"எப்ப தருவாங்களாம்?"

"எடுக்கிறதுக்குத்தான் விதி வந்திருக்காம். குடுக்கிறதுக்கு இன்னும் எழுதல்லயாம்."

நளீம் தோளிலிருந்த மருந்துத் தாங்கியை இறக்கி வைத்தான். மகளைத் திட்ட வாய் வரவில்லை. அவள் செய்த குற்றம் சொன்னதைக் கேட்டது ஒன்றுதான்.

சங்கதி இதுதான். வியாழக்கிழமை தோறும் மத்தியானத்தில், குவைத்து வீட்டு மேடம் தாய் வீட்டுக்குப் போனதும், மேடத்தின் மகள் இரக்கப்பட்டுத் தன் போனைக் கொடுப்பாள். நளீமின் மனைவி றிஸ்மியா பேசுவது அந்த நேரம் மட்டுந்தான். போன வியாழக்கிழமை அவள் நலம் விசாரித்துவிட்டு, "மேடம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றா. அடுத்த சனிக்கிழம கையெழுத்து வெக்கணும். நான் வரவா, இருக்கவா?" என்று கேட்டாள்.

நளீம் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். பாதி ஓடு, பாதி நீலப் பிளாஸ்டிக் விரிப்பு. "யோசிச்சு சொல்றேன்" என்றான்.

"சரி, அடுத்த வியாழக்கிழம சொல்லுங்க" என்றாள் றிஸ்மியா. "நீங்க எடுக்காட்டி, இருக்கத்தான் சொல்றீங்கன்னு வெளங்கிக்கிறேன்."

இதில் யோசிக்க என்ன இருந்தது? அவள் வைத்த மறு நிமிடமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஓடு இல்லாவிட்டால் மழை ஒழுகும், அவ்வளவுதான். அவள் இல்லாவிட்டால் வீடே இல்லை. 'வந்துரு' என்ற ஒரு சொல்லை அந்த இடத்திலேயே சொல்லாத வாயை அவன் திட்டிக்கொண்டே இருந்தான். கத்தரிச் செடிகளிடம் சொல்லிப் பார்த்தான். தடங்கல் இல்லாமல் வந்தது. செடிகளும் மறுப்புச் சொல்லவில்லை.

இப்போது சொல்லுவதற்குப் போன் இல்லை. குவைத்து நம்பர் போனுக்குள் இருந்தது, போன் பாடசாலைக்குள் இருந்தது. நாவுலை டவுனுக்குப் போய் ஒரு போன் கடையில் அதே நம்பருக்குப் புதுச் சிம் கேட்டான். பழைய சிம் றிஸ்மியா வெளிநாடு போகுமுன் தன் அடையாள அட்டையைக் காட்டி எடுத்தது. பெயருக்குரியவர் நேரில் வர வேண்டும் என்று கடைக்காரப் பெடியன் சொல்லிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை நளீம் நல்ல சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போனான். வாசலில் காவலாளி மறித்தான்.

"உள்ள போற எல்லாரும் போனக் குடுத்துட்டு டோக்கன் எடுக்கணும்."

"என்கிட்ட போன் இல்ல."

"போன் இல்லாட்டி டோக்கன் இல்ல. டோக்கன் இல்லாட்டி உள்ள போக ஏலாது."

"தம்பி, என்ட போன் உள்ளதான் இருக்கு. அதக் கேக்கத்தான் வந்தேன்."

காவலாளி நல்லவன். கொஞ்சம் யோசித்தான். "அப்ப ஒரு வேல செய்ங்க. உள்ள இருக்கிறத எடுத்துட்டு வந்து என்கிட்டக் குடுங்க. நான் டோக்கன் தாறேன், நீங்க உள்ள போய்க் கேளுங்க."

நளீம் என்ன செய்வதென்று தெரியாமல் வீதியில் நின்றான். எதிர்ப்பக்கத்துத் தேநீர்க் கடை முதலாளி முஸம்மில் கைகாட்டிக் கூப்பிட்டான். முஸம்மிலின் மேசையில் ஒரு பிஸ்கட் பெட்டி. அதற்குள் முழுக்க உயிர்போன போன்கள்.

"ஒரு பிளேன்டீ குடிங்க நானா, ஒன்ன எடுத்துட்டுப் போங்க. வரக்குள்ள திருப்பி வெச்சிருங்க. காலைலருந்து பத்துப் பன்னெண்டு பேர் போயிட்டாங்க."

நளீமுக்குக் கிடைத்ததில் பின்மூடியும் இல்லை, பட்டரியும் இல்லை. காவலாளி அதைப் பக்குவமாக வாங்கி, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, திருப்தியோடு டோக்கனைக் கொடுத்தான்.

மின்சாதனக் கட்டுப்பாட்டுக் குழுவின் செயலாளர் உமாசுதன் சேர். யாழ்ப்பாணத்திலிருந்து கணினி படிப்பிக்க நியமனம் பெற்று வந்தவர். படித்த பையன், பண்பான பையன். அவரைக் கணினி அறையில் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அங்கே கணினிகள் எல்லாம் சீலையால் மூடப்பட்டிருந்தன. சுவரிலிருந்த பிளக்குகள் அத்தனையிலும் வயர்கள். வயர்களின் முனையில் பிடிபட்ட கைபேசிகள், வைத்தியசாலையில் சேலைன் ஏற்றுகிற நோயாளிகள் மாதிரி வரிசையாகக் கிடந்தன.

"எடுக்கேக்க எப்பிடி இருந்துதோ அப்பிடியேதான் திருப்பிக் குடுக்கவேணும், விதி அப்பிடி" என்று உமாசுதன் விளக்கினார். "ஓன்ல இருந்தது அணைக்காமல் ஓன்லதான் இருக்கவேணும். அதால சார்ஜ் போட்டபடி இருக்கு. பிளக் இல்லாததால கணினி வகுப்பை நிப்பாட்டியிருக்கிறம்."

நளீம் தன் போனை அடையாளம் கண்டுகொண்டான். கரையில் வெடிப்பு, முதுகில் மபாஸா ஒட்டிய பட்டாம்பூச்சி. கை நீட்டினால் எட்டும். தன் கதையைச் சொன்னான். உமாசுதன் நடுவில் ஒரு தடவை கூடக் குறுக்கிடவில்லை.

"நானா, உங்கட கஷ்டம் எனக்கு நல்லா விளங்குது. போன் ஆற்றை பேரில இருக்கு?"

"பொஞ்சாதிட பேர்ல."

"அப்ப அவா நேரில வந்து கையெழுத்து வைக்கவேணும்."

"சேர், அவ குவைத்ல."

"அவசரமில்லை. ஆறுதலா வரட்டும். நாங்கள் பத்திரமா வச்சிருப்பம்."

"அவள வரச் சொல்றதுக்குத்தான் சேர் எனக்குப் போன் வேணும்!"

உமாசுதனின் முகம் வாடியது. இதற்கு விதியில் இடமிருக்கிறதா என்று முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். இல்லை. சிம்மை மட்டுமாவது கழற்றித் தரச் சொல்லி நளீம் கெஞ்சினான்.

"சாதனம் எண்டா முழுச் சாதனம், நானா. மாட்டைப் பிடிச்சுக் கட்டிவச்சிட்டு வாலை மட்டும் அறுத்துக் குடுக்கேலுமே? நீங்கள் எதுக்கும் அதிபரைப் பாருங்கோ."

அதிபரின் மேசையில் இரண்டு கைபேசிகள் இருந்தன. ஒன்று அடிக்க, மற்றதில் அவர் பேசிக்கொண்டிருந்தார். நளீமின் பார்வை அவற்றின் மேல் போனதைக் கண்டதும், "இது போன் இல்ல, நிர்வாக சாதனம்" என்றார்.

நளீம் மறுபடி முதலிலிருந்து சொன்னான். சொல்லச் சொல்லச் சொந்தக் கதையே அவனுக்கு மனுப் போலக் கேட்டது.

"நானா, எனக்கு மனசு இல்லாம இல்ல" என்றார் அதிபர். "பொறுங்க, ஒங்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்றேன். விதி பதினொன்னு இருக்கு. அவசர அழைப்பு வந்தா, போனுக்குச் சொந்தக்காரரோ குடும்பத்து ஆளோ, குழுவுக்கு முன்னுக்கு நின்னு, லவுட்ஸ்பீக்கர் போட்டு, பேசலாம். ஒளிவு மறைவு கூடாது, அவ்வளவுதான்."

நளீமின் முகம் மலர்ந்தது. "அப்ப வியாழக்கிழம மத்தியானம் வாறேன் சேர்."

"வாங்க. ஆனா ஒரு சின்ன விஷயம். போனெல்லாம் வெக்கிறதுக்கு ஒரு அலுமாரி வாங்கியிருக்கோம். அதுக்குப் பேரு மின்சாதனப் பாதுகாப்பு அலகு. அது இன்னும் தெறக்கப்படல்ல. தெறக்காத அலகு சட்டப்படி இல்லாத அலகு. இல்லாத எடத்துலருந்து நான் எப்படி ஒங்க போன எடுத்துத் தாறது?"

"எப்ப சேர் தெறப்பீங்க?"

"வலயக் கல்விப் பணிப்பாளர் வந்து தெறக்கிறார். வியாழக்கிழம காலைல ஒம்பது மணிக்கு. ஒங்களுக்கும் அழைப்பு வரும்." சற்று நிறுத்தி, பெருமையோடு சொன்னார்: "வாட்ஸ்அப்ல."

ஒன்பது மணிக்குத் திறந்தால் மத்தியானத்துக்குப் பொழுது தாராளமாகக் கிடக்கிறது. நளீம் நிம்மதியாக வெளியே வந்தான். அரச விழா ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி என்று நம்புகிற அளவுக்கு அவன் வெள்ளைமனக்காரன்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மாணவர் பேண்ட் வாத்தியக் குழு வாசலில் நின்றது. பத்து மணிக்கும் நின்றது. பதினொன்றாகப் போகும்போது பணிப்பாளர் விஜயரத்தினத்தின் வாகனம் வந்தது. வாசலில் காவலாளி வழக்கம் போல டோக்கன் பெட்டியை நீட்ட, அதிபர் பாய்ந்து அவன் கையைப் பிடித்து, பணிப்பாளர் வைத்திருப்பதும் நிர்வாக சாதனமே என்று அந்த இடத்திலேயே தீர்ப்பளித்தார்.

மண்டபத்து மேடையின் நடுவே அலுமாரி நின்றது. நல்ல இரும்பு அலுமாரி. கிரேப் கடதாசி சுற்றி, பிளாஸ்டிக் மாலை போட்டு, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பிடிபட்ட போன்கள் முதல் நாளே உள்ளே போய்விட்டன. அலுமாரியின் முதுகில் உமாசுதன் துளை போட்டு உள்ளே வயர் விட்டிருந்தார். சாவி ஒரு தட்டில், பூக்களுக்கு நடுவே, புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

நளீம் கடைசி வரிசையில் உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலைப் பக்கத்துக்காரரிடமிருந்து வாங்கிப் பார்த்தான். கிராஅத் ஓதல், வரவேற்புப் பாடல், வரவேற்புரை, தலைமையுரை, 'கைபேசியின் தீமைகள்' பேச்சுப்போட்டியில் வென்ற மாணவியின் பேச்சு, சிறப்புரை, பரிசளிப்பு, பணிப்பாளருக்குப் பொன்னாடை, அதன் பிறகுதான் அலகு திறப்பு. அவன் விரல் விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தான்.

விழா முகநூலில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்காக ஆசிரியர்கள் மேடைக்கு முன்னால் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு மேடை தெரியவில்லை. ஆசிரியர்களின் போன்களில் தெரிந்த மேடையைப் பார்த்துக்கொண்டார்கள். அதிபரின் தலைமையுரையில் நளீமுக்கு ஒரு வசனம் மட்டும் காதில் ஏறியது: "போன வருஷம் இந்தப் பாடசாலைல கணினி வகுப்பு நடந்துச்சு. இந்த வருஷம் ஒழுக்கம் நடக்குது."

பணிப்பாளர் ஒலிவாங்கிக்கு முன் வரும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அவர் தன் கைபேசியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அன்பான மாணவச் செல்வங்களே! நான் படிக்கிற காலத்தில எங்களிட்டைப் போன் இல்லை. அதாலதான் நான் இண்டைக்குப் பணிப்பாளரா வந்து நிக்கிறன். உங்களிட்டை எல்லாம் போன் இருக்கு. நீங்கள் என்னவா வந்து நிக்கப் போறியள் எண்டு நினைச்சா எனக்குக் கவலையா இருக்கு."

கைதட்டினார்கள்.

"கைபேசி மனிசற்றை சுயசிந்தனையைக் கொல்லுது. சுயசிந்தனை எண்டா என்ன?" விரலால் திரையைத் தள்ளினார். "பொறுங்கோ, மேல போயிட்டுது. இந்தப் பேச்சை என்ர போன்ல கிடக்கிற ஒரு செயலிதான் எழுதித் தந்தது, நல்ல கெட்டிக்காரச் செயலி. ஆ, இந்தா கிடக்கு. சுயசிந்தனை எண்டா, மற்றவை எழுதித் தாறதை அப்பிடியே வாசிக்காமல் நாங்களாச் சிந்திக்கிறது."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓய்ந்த நேரத்தில்தான் அலுமாரி பாங்கு சொன்னது.

நடந்தது வேறொன்றுமில்லை. போன நோன்பில் எல்லாப் பிள்ளைகளையும் வீட்டுப் போனில் தொழுகை நேரச் செயலி போடச் சொன்னது இதே பாடசாலைதான். அதற்கும் ஒரு குழு இருந்தது. போன்கள் எடுத்தபோது ஓனில் இருந்தன, விதிப்படி ஓனிலேயே இருந்தன. மத்தியானத் தொழுகையான லுஹர் நேரம் வந்ததும் முதல் போன் தன் கடமையைச் செய்தது.

மண்டபம் அமைதியானது. பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்தார்கள். அதிபர் தலையைக் குனிந்தார். பணிப்பாளர் மரியாதை தெரிந்தவர், பேச்சை நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டார். பாங்கு முடிந்தது. அவர் வாயைத் திறந்தார். இரண்டாவது போன் ஆரம்பித்தது.

ஒரு போன் மாத்தளை நேரத்தில் இருந்தது, ஒன்று கொழும்பு நேரத்தில் இருந்தது, ஒன்று யாருடைய கணக்கிலும் சேராத நேரத்தில் இருந்தது. ஒன்று முடிய ஒன்று, சில வேளை ஒன்று முடியுமுன் மூன்று. யார் எழுந்து நிறுத்தச் சொல்ல முடியும்? பாங்கை நிறுத்தச் சொல்ல எந்த விதியிலும் இடமில்லை, எந்த அதிபருக்கும் துணிவில்லை. ஊர்ப் பள்ளிவாசல் மோதினார் தன் பாங்கைச் சொல்லி முடித்து இறங்கி வந்து, பாடசாலைப் பக்கமிருந்து இன்னும் கேட்பதைக் கேட்டு வாசலில் நின்றுவிட்டாராம். பணிப்பாளர் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். முகநூல் நேரலையில் அவரைப் பார்த்தவர்கள் சத்தம்தான் வேலை செய்யவில்லை என்று நினைத்தார்கள்.

கடைசியில் அலுமாரி ஓய்ந்தது. எல்லாரும் ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். பணிப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"வாப்பா! உம்மா எடுக்கிறா!"

அலுமாரிக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல். தாய் அழைப்பது தோட்டத்தில் நிற்கும் தகப்பனுக்குக் கேட்கட்டும் என்று மபாஸா தன் குரலையே பதிந்து அந்த நம்பருக்கு மணியாக வைத்திருந்தாள். "வாப்பா! உம்மா எடுக்கிறா! வாப்பா! உம்மா எடுக்கிறா!"

மாணவிகளின் வரிசையில் மபாஸா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நளீம் எழுந்துவிட்டான். தான் எழுந்ததே அவனுக்குத் தெரியாது. கதிரைகளுக்கு நடுவால் மேடையை நோக்கி நடந்தான், நடை ஓட்டமானது.

"இது நிகழ்ச்சி நிரல்ல இல்ல!" என்றார் அதிபர்.

"சேர், என்ட பொஞ்சாதி! இப்ப எடுக்காட்டி அவ கையெழுத்து வெச்சிருவா! அலுமாரியத் தெறங்க சேர்!"

"பொன்னாடை இன்னும் போத்தல்ல, எப்படித் தெறக்கிறது?"

"வாப்பா! உம்மா எடுக்கிறா!" என்றது அலுமாரி.

உமாசுதன் விதிப் புத்தகத்தோடு எழுந்தார். "சேர், விதி ஒன்பது. பாடசாலைக்குள்ள ஒலிக்கிற சாதனத்தை உடனடியா நிப்பாட்டவேணும். உள்ளுக்க இருக்கிறதை நிப்பாட்டுறதெண்டா வெளியில எடுக்கவேணும். வெளியில எடுக்கிறதெண்டா நீங்கள் ரிப்பனை வெட்டவேணும்."

பணிப்பாளர் அதிபரைப் பார்த்தார், அதிபர் விதியைப் பார்த்தார். கத்தரிக்கோல் வந்தது. ரிப்பன் அறுந்தது. ரிப்பன் அறுந்ததும் முழங்க வேண்டும் என்று பேண்ட் குழுவுக்கு ஒரு வாரமாகப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். மேளம், குழல், தாளம் எல்லாம் ஒன்றாக முழங்கின. அதிபர் இரண்டு கையையும் வீசி நிறுத்தச் சொன்னார். இன்னும் வேகமாக வாசிக்கச் சொல்கிறார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நளீம் பூத்தட்டிலிருந்து சாவியைப் பறித்து அலுமாரியைத் திறந்தான். எத்தனையோ போன்கள். வெடித்த கரையும் பட்டாம்பூச்சியும் கண்ணில் படுவதற்குள், பேண்ட் ஓய்வதற்குள், அழைப்பு நின்றுவிட்டது.

அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். இனி இரண்டு வருஷம். அவனுக்கு அழுகை வந்தது, மேடை என்றும் பாராமல் கண் நிறைந்துவிட்டது.

"வாப்பா! உம்மா எடுக்கிறா!"

"லவுட்ஸ்பீக்கர்!" என்று கத்தினார் அதிபர். "விதி பதினொன்னு!"

உமாசுதன் ஓடிவந்து பொத்தானை அழுத்தி, ஒலிவாங்கியையும் இழுத்துப் பக்கத்தில் வைத்தார். குழுவின் முன்னிலையிலும், பணிப்பாளரின் முன்னிலையிலும், பாடசாலை முழுவதின் முன்னிலையிலும் றிஸ்மியாவின் குரல் மண்டபத்தை நிறைத்தது.

"ஏன் எடுக்கல்ல? நான் பயந்துட்டேன்."

"றிஸ்மியா, வந்துரு."

"என்ன?"

"வந்துரு. கூர கெடந்தாக் கெடக்குது. ஒழுகட்டும். நீ கையெழுத்து வெக்காத. எனக்கு நீ வேணும், புள்ளைக்கு நீ வேணும். வந்துரு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது. "கல்யாணம் முடிச்ச நாள்லருந்து நீங்க இப்படி ஒரு வார்த்த சொன்னதில்லயே. பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

நளீம் மண்டபத்தைப் பார்த்தான். மாணவர், பெற்றோர், பேண்ட் குழு, தூக்கிப் பிடித்த போன்கள்.

"இல்ல" என்றான். "யாருமில்ல."

"சரி. வாறேன்" என்றாள் றிஸ்மியா.

மண்டபம் அதிர்ந்தது. பேண்ட் குழு யாரும் சொல்லாமலே முழங்கியது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினார். செயலி எழுதித் தராத ஒரு சொல் அவர் வாயில் வந்தது. "நல்லது" என்றார்.

அதிபர் ஒலிவாங்கியைக் கைப்பற்றினார். "பார்த்தீங்களா! நாங்க அந்தப் போனப் புடிச்சு வெச்சிருக்காட்டி இண்டைக்கு இந்தக் குடும்பம் ஒன்னு சேர்ந்திருக்குமா? தெறந்த மொத நாளே நம்ம அலகுட சேவை இது!"

நளீம் மேடையிலிருந்து இறங்கப் போனான். உமாசுதன் தயங்கித் தயங்கிக் குறுக்கே வந்தார். விதிப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"நானா, குறை நினைக்காதையுங்கோ. போனுக்குச் சொந்தக்காரி இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. அதோட, பாடசாலைக்குள்ள நிண்டு போன் கதைச்சதுக்கு இன்னொருக்கா எடுக்கவேணும் எண்டு வேற ஒரு விதி..." அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை.

நளீம் போனைச் சேர்ட்டில் ஒரு தரம் துடைத்தான். தானே அலுமாரியிடம் போய், சார்ஜ் வயரைத் தேடிப் பிடித்துச் செருகி, பட்டாம்பூச்சி மேலே தெரியும்படி வைத்தான். கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை உமாசுதனின் கையில் கொடுத்தான்.

"பத்திரமா வெச்சிருங்க சேர்" என்றான். "சொந்தக்காரி நேர்ல வந்து கையெழுத்து வெக்கணும்னுதானே சொன்னீங்க? வாறா."